மெழுகுப் பல்வரிசை

பேராசிரியரின் மேல்தாடையில் எஞ்சி நின்ற நான்கு பற்களையும் மருத்துவர் ஒரே அமர்வில் பிடுங்கிக் கிண்ணத்தில் இட்ட நாளிலிருந்து, ‘தத்துவம்’ என்னும் சொல்லை அவரால் சொல்ல முடியாமல் போயிற்று. நாவின் நுனி மேற்பல்லின் அடியைப் பொருந்தும்போதுதான் தகரம் பிறக்கிறது. பொருந்துவதற்குப் பல் இல்லாத வாயில் நா எழுந்து, தடவிப் பார்த்து, இடம் தெரியாமல் திரும்பி வந்தது. நாற்பது ஆண்டுகள் கல்லூரியில் அந்தப் பாடத்தையே நடத்தி ஓய்வு பெற்றவர், தாம் நடத்திய பாடம் எது என்று யாரேனும் கேட்டால் எழுதிக் காட்ட வேண்டியவரானார். இனி வரும் இடங்களில் அவர் பேச்சு பல்லோடு பேசியதாகவே தரப்படுகிறது, இல்லையேல் விளங்காது.

இன்னும் இருபத்தொரு நாளில் அவர் ஒரு மேடை ஏற வேண்டியிருந்தது. சொற்பொழிவு மன்றம் ஆண்டுக்கு ஒருமுறை நடத்தும் பேருரை அது. பொருள், அவர் வாழ்நாளெல்லாம் எழுதியும் பேசியும் வந்த ‘தானாக இருத்தல்’. பிறர் மெச்சுவதற்காகப் பூசிக்கொண்ட பூச்சுகளையெல்லாம் கழுவிவிட்டு ஒருவன் தன் உண்மை வடிவில் நிற்பது எங்ஙனம் என்பதை அவர் இரண்டு நூல்களில் ஆராய்ந்திருந்தார். முன்பெல்லாம் நல்ல மகனாக, நல்ல ஊழியனாக இருப்பதே உண்மையாக இருத்தல் என்று எண்ணினார்கள். இக்காலத்து மனிதனோ மகனும் ஊழியனும் போக மிச்சமாக நிற்பது எதுவோ அதைத் தேடுகிறான் என்பது அவர் அடிக்கடி சொல்வது.

பல் கட்டிக்கொண்டு போய்ப் பேசினால் ஆயிற்று என்று அவர் மனைவியார் சொன்னார். அம்மையார் முப்பத்தெட்டு ஆண்டுகள் மருத்துவமனையில் நர்ஸாக இருந்தவர். ஊசிக்கும் கத்திக்கும் அஞ்சுவோர் சொல்லும் காரணங்கள் அத்தனையும் அவருக்கு மனப்பாடம். தம் கணவர் சொன்ன காரணத்தை மட்டும் அவர் அதுவரை கேட்டதில்லை. பொய்ப்பல்லை வாயில் வைத்துக்கொண்டு மெய்யைப் பற்றிப் பேச மாட்டேன் என்றார் பேராசிரியர். கட்டுவதானால் அது தம்முடைய பல்லாகவே இருக்க வேண்டும். அல்லது மேடையே வேண்டாம். இதைச் சொல்லிவிட்டு, மன்றத்தின் செயலருக்கு வர இயலாது என்று எழுத உறையும் தாளும் எடுத்து வைத்துக்கொண்டார். பல் மருத்துவர் அவரைத் தம் தமக்கையிடம் அனுப்பியது அந்த உறை ஒட்டப்படுவதற்கு முன்னால்தான்.

மருத்துவரின் அறைக்குப் பின்னால், மாடிப்படியின் அடியில், ஒரு மேசையும் ஒரு விளக்கும் மட்டுமே கொள்ளும் இடத்தில் அவள் பல் கட்டினாள். வருவோர் எல்லோரும் அவளைப் பல்லக்கா என்றே அழைத்தனர். சுவரெங்கும் தட்டுகள், தட்டுகளில் வெள்ளை மாவால் வார்த்த தாடைகள், ஒவ்வொன்றிலும் உரியவர் யாரெனக் குறித்த சீட்டு. மேசையில் ஸ்பிரிட் விளக்கு, இளஞ்சிவப்பு மெழுகுத் தகடுகள், மேல்தாடையையும் கீழ்த்தாடையையும் பிணைத்து வாய் மூடித் திறப்பதுபோல் அசையும் பித்தளைக் கீல். பல்லை முல்லை அரும்பு என்றும் முத்து என்றும் பாடிய பழம்புலவர்க்கு வெண்மை இரண்டே. பல்லக்காவின் இழுப்பறையில் வெண்மை பதினாறு. காலையும் மாலையும் புகை பிடிப்போர்க்கு உரிய வெண்மை அவற்றுள் ஒன்று.

அவள் பேர் பெற்றது குறைகளால். எல்லாப் பல்லையும் மெழுகில் ஒழுங்காக நிறுத்திய பின், கடைசியாக ஒரு பல்லை மட்டும் மயிரிழை சாய்ப்பாள்; மற்றொன்றின் ஓரத்தைச் சற்றே தேய்ப்பாள். கட்டிக்கொண்டவர்களைப் பார்த்து, இது கட்டிய பல் என்று எவரும் சொன்னதில்லை.

“நேரா வச்சா பல்செட்டு சார். கொஞ்சம் சாஞ்சா பல்லு” என்றாள்.

தாம் இரண்டு நூல்களில் சொல்ல முயன்றது இதுதானோ என்று பேராசிரியருக்குத் தோன்றியது. தம் உண்மையான பற்களை அவ்வண்ணமே திருப்பித் தர வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். கோணலும் இடைவெளியும் கறையும் உட்பட.

அதற்கு அவள் ஒரு நிழற்படம் கேட்டாள். பல் தெரியச் சிரித்த படம் எதுவாயினும் போதும்.

வீட்டில் ஆறு ஆல்பங்கள் இருந்தன. கல்யாணத்தில் தொடங்கி ஓய்வு பெற்ற நாள் வரை எல்லாப் படத்திலும் பேராசிரியர் இருந்தார். ஒன்றிலும் அவர் வாய் திறந்திருக்கவில்லை. அந்தப் பற்கள் கோணலாக இருந்தன என்பதற்காகவே அவர் நாற்பத்தைந்து ஆண்டுகள் உதட்டை இறுக மூடிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அம்மையார் ஆல்பத்தின் ஏடுகளைப் புரட்டப் புரட்டச் சிரித்தார். இருந்த காலமெல்லாம் ஒளித்து வைத்ததை, போன பிறகு என்னுடையது என்று தேடுகிறீர்களே என்று கேட்டார். கோணல் பல் இடப்பக்கம் இருந்தது என்றார் பேராசிரியர். அம்மையார் அது வலப்பக்கம் என்றார். கண்ணாடியில் கண்டவரும் எதிரே அமர்ந்து கண்டவரும் அரைநாள் வழக்காடினார்கள். பல்லக்காவிடம் வழக்கு வந்தபோது, யாருக்கு வலப்பக்கம் என்று ஒரே கேள்வி கேட்டாள்; இருவரும் ஒரே பல்லைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்று தெரிந்தது. அந்தப் பல் எவ்வளவு கோணல் என்பதில் மட்டும் இணக்கம் உண்டாகவில்லை. நினைவுக்கு வந்ததைக் கொண்டு அவள் ஒரு வரிசையை மெழுகில் நிறுத்தித் தந்தாள். பேராசிரியர் அதை மாட்டிக் கண்ணாடியைப் பார்த்தார். எதிரே நின்றவரை அவருக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு நடந்து போகும் வழியிலேயே அவர் கொள்கை மாறிற்று. உண்மையான ‘தான்’ உள்ளே புதைந்து கிடக்கிறது, தோண்டி எடுத்தால் போதும் என்பது பழங்கொள்கை. அது தோண்டி எடுக்கப்படுவதன்று; தேர்ந்தெடுக்கப்படுவது. பிறர் தந்ததை மறுத்துத் தானே தேர்ந்து ஆக்கிக்கொள்வதே தானாக இருத்தல் என்பது அதற்குப் பின் வந்த அறிஞர் கொள்கை. ஆகவே நான்கு நாள் கழித்து வந்து பல்லக்காவின் இழுப்பறைகளைத் திறக்கச் சொல்லி, ஒன்றரை மணி நேரம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, சுதந்திர மனிதன் ஒருவன் தேர்வதற்குரிய பற்களைத் தேர்ந்தார். அகன்ற முன்பற்கள், கூர்மையான கோரைப்பற்கள். அவற்றை மெழுகில் நிறுத்தி அவர் வாயில் வைத்தபோது, உடன் வந்திருந்த அம்மையார் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

“அப்படியே எங்க அண்ணன்” என்றார்.

அம்மையாரின் அண்ணனோடு பேராசிரியருக்குப் பேச்சு நின்று பதினோரு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் அந்தப் பற்களைக் கழற்றிய வேகத்தில் ஒரு பல் தெறித்து விளக்கின் அடியில் போய் விழுந்தது.

அன்று அவர் முன்னால் வெளியேற, அம்மையார் கைப்பையைத் தேடுவதுபோல் சற்றுப் பின்தங்கினார். அவர் என்ன கேட்கிறாரோ அதை அவருக்குச் செய்து கொடுங்கள் என்று பல்லக்காவிடம் தணிந்த குரலில் சொன்னார். கூடவே, ஒழுங்கான வரிசை ஒன்றை முழுதாக முடித்துத் தமக்கென்று எடுத்து வைக்கச் சொன்னார். உங்களுக்கா என்று பல்லக்கா வியந்தாள். அம்மையார், பார்த்துக்கொண்டிருக்கப் போவது நான்தானே என்றார்.

மூன்றாம் முறை வந்த பேராசிரியரின் கையில் இரண்டு பக்கக் குறிப்பு இருந்தது. தேர்வும் தம்முடையதன்று என்று அவர் கண்டுகொண்டிருந்தார். எதைத் தேர்ந்தாலும் ஊரார் கண்கள் உள்ளே புகுந்து விரலைப் பிடித்து நடத்துகின்றன. உண்மை என்று பேர் வாங்குவதற்காகவே இன்று ஒவ்வொருவனும் ஒரு குறையை அணிந்துகொண்டு திரிகிறான். ஆகவே தமக்கு வேண்டிய குறை, தாமும் தேராத, அவளும் கருதாத குறையாக இருத்தல் வேண்டும்.

“அம்மா, நீங்க தெரிஞ்சு சாய்க்கிறது குறை இல்ல, அலங்காரம். தெரியாம நடக்கணும்.”

பல்லக்கா மெழுகுக் கத்தியைக் கீழே வைத்தாள். “தெரியாம நடக்கணும்னு இப்ப எனக்குத் தெரிஞ்சுபோச்சே சார்.”

ஆயினும் அவள் முயன்றாள். கண்ணை மூடிக்கொண்டு ஒரு பல்லை நிறுத்தினாள். இருபத்துமூன்று ஆண்டுப் பழக்கம், கண் இல்லாமலேயே அது உரிய இடத்தில் போய் நின்றது. இடக்கையால் நிறுத்தினாள், இடக்கையும் பழகியிருந்தது. பிறகு, பிடுங்க மட்டுமே தெரிந்த தம்பியை உள்ளே அழைத்து ஒரு பல்லை வைக்கச் சொன்னாள். மருத்துவர் நோயாளியை நாற்காலியில் காத்திருக்க விட்டு வந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒன்றைப் பொருத்தினார். அது நன்றாகவே கோணிக்கொண்டு நின்றது. பேராசிரியர் அதைப் பலவாறு திருப்பிப் பார்த்துவிட்டு, இது மருத்துவரின் அறியாமை, என் குறையன்று என்று திருப்பித் தந்தார். மருத்துவர் தமக்கையைப் பார்த்த பார்வையில் ஒரு குடும்பத்தின் பொறுமை முழுதும் இருந்தது.

பேருரைக்கு முந்தைய நாளும் வந்தது. பேராசிரியர் எதற்கும் சம்மதம் சொல்லாதபடியால் அவருக்கென்று எதையும் முடிக்க முடியவில்லை. மெழுகில் நிற்கும் வரிசையை வாயில் வைத்துப் பார்த்து உரியவர் சரி என்று சொன்ன பிறகே மெழுகை உருக்கி நீக்கி, அவ்விடத்தில் கெட்டிப்படும் பொருளை வார்ப்பது அந்தத் தொழிலின் முறை. பல்லக்கா, முதலில் நினைவைக் கொண்டு செய்த வரிசையையே எடுத்துப் பெட்டியில் வைத்துக் கொடுத்தாள். வீட்டில் ஒரு மணி நேரம் போட்டுப் பார்த்துவிட்டு, முடிவைச் சொல்லச் சொன்னாள்.

“சூடா எதுவும் வாயில படக்கூடாது சார். தண்ணியைக்கூட ஆற வச்சுக் குடிங்க. இது மெழுகு. வீட்டுக்குத்தான், ஊருக்கு இல்ல.”

மறுநாள் பிற்பகல் அம்மையார் மேசையின்மேல் இரண்டு பெட்டிகளை வைத்தார். ஒன்றில் மெழுகு வரிசை. மற்றொன்றில், வெண்மை பிறழாமல் நிரைத்து முடித்த முழுமையான பல்வரிசை. அது எப்படி வந்தது என்பதை அவர் மறைக்கவில்லை. பேராசிரியருக்குக் கோபம் வரவில்லை. அதற்கு நேரமும் இல்லை. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தபோது அவருக்கு நான்காவது கொள்கை ஒன்று பிறந்தது. மனிதன் முடிந்துபோன பொருள் அல்லன். வாழும் வரை ஆகிக்கொண்டே இருப்பவன். முடிந்தது பொய், முடியாததே மெய். முடியாதது இடப்பக்கத்துப் பெட்டியில் இருந்தது. அதை எடுத்து மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறினார். அம்மையார் மற்றப் பெட்டியைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு உடன் ஏறினார்.

அரங்கின் ஒப்பனை அறையில் செயலர் காத்திருந்தார். எவரைக் கண்டாலும் நெஞ்சுருகும் இயல்பினர். வரவேற்புரையை ஒத்திகை பார்க்கும்போதே கண் கலங்குபவர். ஆவி பறக்கும் தேநீரைத் தம் கையாலேயே கொண்டுவந்து நீட்டினார். பேராசிரியர் குறிப்புத் தாள்களில் ஆழ்ந்திருந்தார். நான்காவது கொள்கையை எங்கே நுழைப்பது என்று எண்ணிக்கொண்டே கோப்பையை வாங்கி, எண்ணிக்கொண்டே குடித்து முடித்தார்.

முதல் பத்து நிமிடம் பேச்சு ஆற்றொழுக்காகச் சென்றது. தகரமும் நகரமும் மணிபோல் ஒலித்தன. பதினோராம் நிமிடத்தில் முன்பல் ஒன்று, கதவு கீலில் திரும்புவதுபோல், மெல்லத் திரும்பிற்று. கோரைப்பல் பக்கத்துப் பல்லின் தோளில் சாய்ந்தது. பேராசிரியர் நாவால் அவற்றைத் தாங்கிப் பிடித்தபடி பேச முயன்றார். ஒரே நாவால் தூணாகவும் நாவாகவும் இருக்க முடியவில்லை. “நமக்கு நாமே பொருத்திக்கொண்ட ஒவ்வொன்றையும் கழற்றி வைக்கும் துணிவு வரும்போதுதான்” என்ற இடத்தில் ஒரு பல் உதிர்ந்து குறிப்புத் தாளின்மேல் விழுந்து, உருண்டு, நின்றது. அவர் அதைப் பார்த்தார். ஒலிபெருக்கியும் அதைக் கேட்டது. இரண்டாவது விழுவதற்கு முன், செய்யக்கூடிய ஒரே காரியத்தைச் செய்தார்: இரு விரலை உள்ளே விட்டு வரிசை முழுவதையும் வெளியே எடுத்துத் தாளின்மேல் வைத்தார்.

பிறகு பின்வரிசையில் யாரோ கைதட்டினார். அடுத்த கணம் எல்லோரும் எழுந்து நின்றார்கள். செயலர் மேடையின் ஓரத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். பேராசிரியர் கையை உயர்த்தி ஏதோ சொன்னார். அவர் சொன்னது, இது தற்செயலாக நேர்ந்தது என்பதே. தகரமின்றி அது எவர்க்கும் விளங்கவில்லை. கைதட்டல் இருமடங்காயிற்று. அதன்மேல் அவர் கால்மணி நேரம் பல்லின்றிப் பேசினார். ஒரு சொல்லும் புரியவில்லை. இவ்வளவு ஆழமாகப் புரிந்துகொண்ட பேச்சு வேறில்லை என்று வாயிலில் எல்லோரும் சொல்லிக்கொண்டு போனார்கள்.

வண்டி புறப்பட்டது. அம்மையார்தான் தொடங்கினார்.

“நீங்களா எடுத்தீங்களா, அதுவா வந்துச்சா?”

பேராசிரியர் சன்னலுக்கு வெளியே பார்த்தார். “ஆரம்பிச்சது அது. முடிச்சது நான்.”

“ஆஸ்பத்திரியில இப்படி எவளாவது ரிப்போர்ட் எழுதினா நான் கையெழுத்துப் போட்டதில்ல” என்றார் அம்மையார்.

அந்த நிகழ்ச்சியின் வீடியோ இரண்டே நாளில் ஊரெங்கும் பரவிற்று. ஒரு பெண்மணி, அதைக் கண்டு தலைக்குச் சாயம் பூசுவதை விட்டுவிட்டதாக எழுதினார். ஓர் அலுவலர் தம் பொய்முடியைக் கழற்றி அலுவலக மேசையின்மேல் வைத்தாராம். குளிர்சாதனம் ஒத்துக்கொள்ளாமல் மறுநாள் மீண்டும் அணிந்தாராம். பேராசிரியரின் நூல்களைத் தேடி வாங்கினார்கள். ஆறாம் நாள் செயலர் தொலைபேசியில் அழைத்தார். அடுத்த மாதம் இன்னும் பெரிய அரங்கு, அதே பொருள். பல்லைக் கழற்றும் இடத்தை நாற்பதாம் நிமிடத்தில் வைத்துக்கொண்டால் நலம், சிறப்பு விருந்தினர் அதன்பின் புறப்பட வேண்டியிருக்கிறது என்றார். பேராசிரியர் அது தாமாகச் செய்ததன்று என்று சொல்லத் தொடங்கினார். செயலர் குரல் தழுதழுத்தது. இந்த அடக்கம்தான் ஐயா உங்கள் உண்மை என்றார். இதையும் மேடையில் சொல்லுங்கள், கழற்றிய பிறகு சொல்லுங்கள் என்று வேண்டிக்கொண்டார்.

பேராசிரியர் மறுக்கவில்லை. மறுக்காததற்குத் தக்க காரணங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அவருக்குத் தோன்றிக்கொண்டே இருந்தன. அவற்றுள் நல்லதொன்றைத் தேர்ந்து மனத்தில் வைத்துக்கொண்டு, மறுநாள் மாடிப்படியின் அடியில் போய் நின்றார். பல்லக்கா ஒரு தாடையின் ஓரத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. கெட்டியான பல்வரிசை வேண்டும் என்றார் அவர். ஆனால் சற்றே தளர்வாக. வேண்டும் நேரத்தில் எளிதில் வரும்படியாக.

அவள் சுரண்டுவதை நிறுத்தினாள். பேருரைக்குப் பிறகு நடந்ததை அவள் சொன்னபோது குரல் உயரவில்லை. பல் கட்ட வந்தவர்களில் ஐந்து பேர், இது விழாதே என்று கேட்டார்கள். இரண்டு பேர் அச்சு எடுத்துக் கொடுத்துவிட்டு, வேறு இடத்துக்குப் போய்விட்டார்கள். மகள் கல்யாணத்துக்காகச் சொல்லி வைத்திருந்தவர், கல்யாணம் முடியட்டும் என்று தள்ளிப் போட்டார். அந்தக் காட்சியைப் பல் உள்ளவர்கள் பார்த்தபோது துணிவைக் கண்டார்கள். பல் கட்டியவர்கள் மட்டும் அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, முதல் பல் எப்படி விழுந்தது என்பதைக் கண்டார்கள்.

“ஊர்ல எல்லார் போன்லயும் உன் பல்லுதான்க்கா விழுந்துட்டே இருக்குன்னு தம்பி சொல்றான். இருபத்துமூணு வருஷம் சார். நான் கட்டின பல்லு நாலு பேர் முன்னாடி விழுந்ததில்ல. கைதட்டு உங்களுக்கு. விழுந்தது என் பல்லு.”

“அது மெழுகுன்னு நீங்க சொல்லலாமே” என்றார் பேராசிரியர்.

“நான் சொன்னா, பல்லு கட்டத் தெரியாதவ சாக்குச் சொல்றான்னு சொல்வாங்க. நீங்க சொல்லணும்.”

பேராசிரியர் நோயாளிகள் அமரும் முக்காலியில் உட்கார்ந்தார். தட்டுகளிலிருந்து எண்ணற்ற தாடைகள் அவரைப் பார்த்தன. அவருடைய இரண்டு நூல்களிலும் பிறர் என்போர் வந்திருந்தார்கள். எல்லா இடத்திலும் கண்களாகவே வந்திருந்தார்கள். ஒருவன் தானாக இருக்கவொட்டாமல் உற்று நோக்கும் கண்கள். ஒரே இடத்திலேனும் அவர்கள் கைகளாக வந்ததில்லை. மெழுகு ஒட்டிய நகங்களோடு எதிரே இருந்த இரண்டு கைகளை எந்த அத்தியாயத்தில் வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

தளர்வு வேண்டாம் என்றார். அம்மையாரிடம் இருக்கும் வரிசையே போதும் என்றார். அதைச் சிறிது வாயோடு பொருத்திக் கொடுக்கும்போது பல்லக்கா ஒன்று சொன்னாள்: அதிலும் ஒரு பல்லை மயிரிழை சாய்த்திருக்கிறாள், எது என்று கேட்கக்கூடாது. அதன்பின் பதினைந்து நாளும் பேராசிரியர் காலையில் அரை மணியும் மாலையில் அரை மணியும் கண்ணாடியின் முன் நின்றார். அம்மையார் தமக்குத் தெரியும் என்றார்; ஆனால் சொல்லவில்லை.

பெரிய அரங்கில் இருக்கைகள் நிரம்பி, ஓரங்களிலும் ஆட்கள் நின்றார்கள். முன்வரிசையில் சிறப்பு விருந்தினர். அவர் பக்கத்தில் கடிகாரமும் கையுமாகச் செயலர். பேராசிரியர் எழுந்து, வணக்கம் சொல்லிய கையோடு, குறிப்புத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். சென்ற முறை தாம் பல்லைக் கழற்றவில்லை, பல்தான் விழுந்தது என்று தொடங்கினார். அது மெழுகு. கட்டியவர் அதை வீட்டில் மட்டும் போட்டுப் பார்க்கச் சொன்னார், சூடு படக்கூடாது என்றும் சொன்னார். தாம் அதைப் போட்டுக்கொண்டு மேடை ஏறியதும், கொதிக்கும் தேநீரைக் குடித்ததும் தம் பிழை. கைதட்டலை வாங்கிக்கொண்டு வாய் திறவாமல் இருந்தது அதைவிடப் பெரிய பிழை. இப்போது வாயில் இருப்பது அவரே முறையாகக் கட்டியது; பதினைந்து நாளாக எலும்பைக்கூடக் கடிக்கிறது. ஒவ்வொரு தகரமும் கடைசி வரிசை வரை சென்று சேர்ந்தது. சொல்லி முடித்தபோது ஒன்பது நிமிடம் ஆகியிருந்தது. எஞ்சிய நேரம், மனிதன் தானாக இருப்பதற்கு எத்தனை பேர் கை வேண்டியிருக்கிறது என்பதைப் பற்றிப் பேசினார்.

கூட்டம் பொறுமையோடு நாற்பதாம் நிமிடத்துக்காகக் காத்திருந்தது. நாற்பதாம் நிமிடம் வந்தது. போன்கள் பல உயர்ந்தன. பற்கள் இருந்த இடத்தில் இருந்தன. நாற்பத்தைந்தில் போன்கள் தாழ்ந்தன. சிறப்பு விருந்தினர் எழுந்து போனார். ஐம்பதில் பாதி அரங்கு காலியாயிற்று. பழைய ஆளாக இல்லை, பெயர் வந்ததும் பல் கட்டிக்கொண்டு வந்துவிட்டார் பாருங்கள் என்று கதவருகே ஒருவர் இன்னொருவரிடம் சொன்னது மேடை வரை கேட்டது. செயலர் நன்றியுரை கூற வந்தார். பின் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கழற்ற முடிந்தும் கழற்றாமல் இருப்பதே துறவின் முதிர்ந்த நிலை, அதைப் பேராசிரியர் இன்று நமக்குக் காட்டியருளினார் என்றார்.

அரங்கின் பின்பக்கத்தில் பல்லக்கா நின்றிருந்தாள். பேராசிரியர் படியிறங்கி, கலையும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவளிடம் போனார். அம்மையார் கைப்பையோடு பின்னால் வந்தார்.

எப்படி இருந்தது என்று அவர் கேட்டார்.

“நல்லா உக்காந்திருக்கு சார். சத்தமாப் பேசினப்பகூட அசையல.”

“நான் பேச்சைப் பத்திக் கேட்டேன்.”

“பேச்சை நான் எங்க கேட்டேன். பல்லப் பாக்கவே எனக்கு நேரம் சரியாப் போச்சு” என்றாள். பிறகு, அவர் வாயின் வலப்பக்கத்தையே பார்த்துக்கொண்டு, “இந்தப் பக்கம் ஈறுல உரசுதா?” என்று கேட்டாள்.

அவர் அதை அம்மையாரிடமும் சொல்லியிருக்கவில்லை. “உரசுது” என்றார்.

“நாளைக்குக் காலையில வாங்க. தேய்ச்சு விடறேன்.”